பதினோராம் கிணற்றின் அம்பு

ஓய்வுபெறும்போது எழுதவேண்டிய கட்டுரை இது. எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. ஓய்வு பெறுவது நான் இல்லை, நான் பார்த்த வேலை. சிதம்பரத்தில் பதினோரு வருடம் நான் இருந்த நீர்ப் பரிசோதனைக்கூடத்தின் திட்டக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த திட்டத்துக்கு வேறு ஆட்கள், வேறு மென்பொருள். புதிய மென்பொருளில் இரண்டு கோப்புகளைக் காட்டினால் போதுமாம். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று அதுவே ஜோடி சேர்த்து முக்கோணத்துக்குள் அம்பு போட்டுவிடுமாம். அதைப் பழக வந்திருக்கும் இருவர் போன வாரம் டீக்கடையில் கேட்டார்கள்: “அண்ணே, அந்தக் கிணறு விஷயம் உண்மையா? ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க.”

உண்மைதான். ஆளாளுக்குச் சொல்வதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

எங்கள் ஊர் திட்டக்குடிக்கு மேற்கே. அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்காகப் பண்ருட்டிக்கு வந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்தேன். பரிசோதனைக்கூடத்தில் முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். அடுத்த இரண்டு வருடம் கால்சியம் அளந்தேன். அதற்கடுத்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். வீட்டில் என் வேலையைப் புரியவைக்க முடிந்ததேயில்லை. யாராவது கேட்டால் அம்மா, “தண்ணி நல்லதா கெட்டதான்னு சொல்லுவான்” என்பாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு படிப்பா என்று திருப்பிக் கேட்பார்கள்.

முக்கோணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருப்பவற்றில் கால்சியம், மக்னீசியம், சோடியம் மூன்றையும் அளப்போம். மூன்றையும் ஒரே அளவைக்கு மாற்றிக் கூட்டி, ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்ப்போம். பங்குகள் சேர்ந்தால் எப்போதும் நூறுதான். அதனால் மூன்று எண்களையும் ஒரு முக்கோணத்துக்குள் ஒரே புள்ளியாக வைத்துவிடலாம். இடது மூலை கால்சியம், உச்சி மக்னீசியம், வலது மூலை சோடியம். எங்கள் கடலோரத்தில் வலது மூலை என்றால் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிணற்றுக்கு இரண்டு புள்ளி. ஆடியில் எடுத்த தண்ணீருக்கு ஒன்று, மழை விட்டுத் தையில் எடுத்ததற்கு ஒன்று. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் அம்பு. அம்பு இடதுபக்கம் ஓடினால் மழைத்தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குகிறது. வலதுபக்கம் ஓடினால் கடல் உள்ளே வருகிறது. தனிப் புள்ளியிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. சேதி அம்பில்தான் இருக்கிறது.

எங்கள் தலைவர் கிளாரா மேடம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். “வா, உக்காரு” என்றால் எல்லாம் சரி. “வாங்க சார், உக்காருங்க” என்றால் அன்றைக்குத் தொலைந்தேன். படத்தை அச்செடுத்துக்கொண்டு போனால் உடனே பார்க்கமாட்டார். இழுப்பறையிலிருந்து வெறும் முக்கோணம் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டுவார். வாயில் வந்த மூன்று எண்களைச் சொல்வார். “நாலு, பதினேழு, இருபத்தொண்ணு.” அந்த மூன்று கிணறுகளுக்கும் நோட்டுப் புத்தகத்திலிருந்து கையால் கணக்குப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலில் கோடிழுத்துப் புள்ளி வைக்கவேண்டும். அந்தத் தாளையும் கம்ப்யூட்டர் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அமுக்கிப் பார்ப்பார். வெளிச்சத்தில் புள்ளிமேல் புள்ளி உட்காரவேண்டும். உட்கார்ந்தால்தான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பார். புதிதாக வந்தவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

என் ஆறாவது வருடத்தில் அந்தக் கடலோர ஊர் வந்தது. சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாகக் கிழக்கே போகவேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். கோடையில் அங்கே லாரித் தண்ணீர்தான். அரசு ஒரு குடிநீர்க் குழாய்க்கிணறு போட்டுத் தரத் தயாராக இருந்தது. எந்த இடத்தில் போடுவது என்பதை நாங்கள் சொல்லவேண்டும். தப்பான இடத்தில் போட்டால் இரண்டு வருடத்தில் உப்பாகிவிடும். அதன்பிறகு அந்த ஊருக்கு இன்னொன்று கிடைக்காது. இருபத்து நான்கு கிணறுகளுக்கு எண் போட்டோம். பாட்டிலை அந்தந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, பாட்டில் உடம்பில் எண் எழுதினோம். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மாசியில் படத்தைப் போட்டேன். இரண்டு அம்புகள் கண்ணில் அடித்தன. பத்தொன்பதாம் கிணற்றின் அம்பு வலது மூலையிலிருந்து கிளம்பி இடதுபக்கம் நீளமாக ஓடியது. மணல்மேட்டில் இருந்த பதினோராம் கிணற்றின் அம்பு நேர் எதிராகக் கடல் மூலையை நோக்கிப் போனது. மேட்டில் இருப்பது உப்பாகிறது, தாழ்வில் இருப்பது நல்லதாகிறது. யாரும் எதிர்பார்க்காத முடிவு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் கண்டுபிடித்தது என்று ஒன்று கிடைத்துவிட்டது.

கிளாரா மேடம் அப்போது கடலூரில், தன் வீட்டில், கண் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். இடத்தைச் சொல்லும் கடிதம் அரசுக்குப் போகவேண்டிய கடைசி நாள். பஸ் பிடித்துக் கொண்டுபோனேன்.

“மூணு புள்ளி போட்டியா?” என்றார்.

“முதல் கிணத்த சரி பாத்தேன் மேடம். ரெண்டு புள்ளியும் கரெக்டா இருந்துச்சு.”

“ஒண்ணா?”

கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “எங்க போடணும், காட்டு” என்றார். விரலை வைத்துக் காட்டினேன். போட்டார்.

பத்தொன்பதாம் கிணறு நடேசன் என்பவர் நிலத்தில் இருந்தது. துளை போடும் ரிக் வண்டி உள்ளே வரவும் குழாய்க்கிணறு போடவும் இடம் விட ஒத்துக்கொண்டார். அதற்காக இரண்டு வருடச் சவுக்குத் தோப்பில் ஒரு பக்கத்தை வெட்டினார். நடுவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். வண்டி வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அறிக்கைச் சுருக்கத்தைப் பஞ்சாயத்தில் கொடுக்க ஜீப்பில் போனேன். ஓட்டியது சேகர். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். வழியில் பதினோராம் கிணற்று வீட்டு அஞ்சலை அம்மா வண்டியை மறித்தார்.

“ஏம்பா, ஏங் கெணத்துல கடல் பூந்துடுச்சின்னு எழுதிட்டியாமே?”

“மழைக்கு அப்பறம் சோடியத்தோட பங்கு ஜாஸ்தியாவுதும்மா.”

“மழைக்கு அப்பறந்தான்யா இது எளநி மாதிரி இருக்கும். ஊரே இங்க வந்துதான் மொண்டுக்கிட்டுப் போவுது. பங்குனி வரைக்கும் தாங்கும்.”

“குடிக்கும்போது தெரியாதும்மா. அளவு வேற, பங்கு வேற. அளவு குறைஞ்சாலும் பங்கு கூடலாம்.”

நான் சொன்னது பொய்யில்லை. முக்கோணம் பங்கைத்தான் காட்டும், மொத்த உப்பு எவ்வளவு என்று காட்டாது. படித்த உண்மை ஒன்றை எடுத்து என் தப்பின்மேல் போர்த்தினேன். அப்போது அது எனக்குத் தெரியாது.

“பங்கப் பொறவு பிரிச்சிக்கலாம். மொதல்ல குடி,” என்று சொம்பை நீட்டினார்.

குடித்தேன். சேகரும் வாங்கிக் குடித்தான். “மச்சான், ஒன் முக்கோணத்துக்கு நாக்கு இல்ல. எனக்கு இருக்கு,” என்றான்.

பையில் உப்பு மீட்டர் இருந்தது. தண்ணீரில் விட்டேன். என் தாளில் பதினொன்றுக்கு மழைக்குப் பின் என்று இருந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மீட்டர் ரிப்பேரா என்று சரிபார்க்கும் கரைசலில் விட்டுப் பார்த்தேன். மீட்டர் ஒழுங்காக இருந்தது. துவைக்கிற கல்லின்மேல் நோட்டை விரித்தேன். தையில் நானே பென்சிலால் எழுதியது, பதினோராம் கிணறு: மீட்டர் இப்போது காட்டியதற்கு ஏறக்குறைய அதே எண். அப்படியானால் தாளில் பதினொன்று என்று இருப்பது யாருடையது? நோட்டைத் திருப்பினேன். உப்பங்கழி ஓரத்து மூன்றாம் கிணற்றுடையது. பதினொன்றின் நல்ல தண்ணீர் எங்கே போனது? பத்தொன்பதின் எதிரே போய் உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். ஆடித் தண்ணீரின் முடிவுகள் அளக்கும் கருவியிலிருந்து நேராக வந்தவை. அது எண்களை எழுத்தாக எடுத்துக்கொண்டு வரிசை கட்டும்: ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு... பத்தொன்பது வரை போய்த்தான் இரண்டு வரும். தைத் தண்ணீரின் முடிவுகளை நான் கையால் அடித்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கிணற்று எண் எழுதிய பத்தி இரண்டு தடவை இருந்தது. ஒரே பத்தி எதற்கு இரண்டு என்று இரண்டாவதை அழித்தேன். பிறகு வரிக்கு வரி ஜோடி சேர்க்கச் சொன்னேன். மென்பொருள் சொன்னதைச் செய்தது. ஒவ்வொரு புள்ளியும் சரி. கூட்டினால் நூறு. அம்புகள்தான் ஒரு கிணற்றில் கிளம்பி இன்னொரு கிணற்றில் போய் முடிந்தன. இருபத்து நான்கு வரிகளில் ஒன்றே ஒன்று சரியாக இருந்தது. முதல் வரி. நான் சரிபார்த்தது அதைத்தான்.

புதிதாக வந்திருக்கும் இருவருக்கும் இங்கே ஒன்று சொல்கிறேன்: எண் பத்தியை அழிக்காதீர்கள். இரண்டு தடவை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

“என்னப்பா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி?” என்றார் அஞ்சலை அம்மா.

“நான்தாம்மா தப்பா சேத்துட்டேன். ஒங்க தண்ணி நல்லாத்தான் இருக்கு.”

“அதத்தான நானும் சொன்னேன்,” என்று சொம்பை வாங்கிக்கொண்டு போனார்.

அங்கிருந்தே மேடத்துக்கு போன் செய்தேன். முழுவதும் கேட்டார். “நாளைக்குக் காலையில லேபுக்கு வர்றேன். நீங்களும் வந்துடுங்க சார்,” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நான் அதற்குள் உட்கார்ந்து நாற்பத்தெட்டுப் புள்ளிகளையும் கையால் வைத்திருந்தேன். ஜன்னலில் வைத்துப் பார்க்க அவருக்குக் கண் கூசியது. நான் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போது பதினொன்றின் அம்பு இடதுபக்கம் ஓடியது. பத்தொன்பதின் அம்பு கடல் மூலையிலேயே ஒரு நெல்லளவுக்கு நகர்ந்து நின்றது.

“கூடுதல் ஆய்வின்படி இடம் மாற்றப்படுகிறதுன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம்,” என்றார்.

“கூடுதல் ஆய்வு எதுவும் செய்யலையே மேடம்.”

“உங்க வேலை நீட்டிப்பு ஃபைல் இந்த வாரம் மேல போவுது. தெரியுமில்ல?”

“தெரியும். ஆனா காரணம் சொல்லாம இடத்த மாத்துனா, அஞ்சலை அம்மா எனக்குக் காசு குடுத்து மாத்திக்கிட்டாங்கன்னு ஊர் சொல்லும். நடேசன் வேற தோப்ப வெட்டிட்டாரு. போர் போட்டாலும் அந்தத் தண்ணிய பாதி ஊரு தொடாது.”

வேலை போனால் பண்ருட்டியில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வரிக்கு ஒத்துக்கொள்ளப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“எழுது,” என்றார் கடைசியில். “வரிசை மாறி ஜோடி சேர்க்கப்பட்டதுன்னே எழுது. சரிபார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு எம் பேர மேல போடு. ஒம் பேர் கீழ.”

அடுத்த நாள் கடிதத்தோடு கடலூர் போனேன். குழாய்க்கிணறு போடும் அரசு அலுவலகத்தில் பொறியாளர் அதை இரண்டு தடவை படித்தார்.

“ரிக் வியாழக்கெழம வருது தம்பி. இத வுட்டா அந்த வண்டி வேற ஊருக்குப் போயிடும். கோட முடிஞ்சிதான் திரும்பும்.”

“நிறுத்த வேணாம் சார். இடத்த மட்டும் மாத்துங்க.”

“இன்னிக்கிப் பதினொண்ணுன்றீங்க. அடுத்த வாரம் வந்து ஏழுன்னு சொல்ல மாட்டீங்களே?”

“இருபத்துநாலையும் கையால போட்டுட்டேன் சார். அது மட்டுமில்ல, நேத்து சாயந்தரம் மறுபடி போயி பதினொண்ணு, பத்தொம்போது, மூணு மூணையும் மீட்டர்ல பாத்தேன். மாறாது.”

“ஊர் ஒத்துக்கணும். புதன்கெழமைக்குள்ள பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தோட தீர்மானம் வேணும். அது ஒங்க பொறுப்பு.” அவ்வளவுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து அலுவலக வாசலில் ஊர் கூடியது. நான் பேச ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருவர், “மேட்டுத் தெருக்காரங்க எவ்ளோ குடுத்தாங்க?” என்றார். சிரித்தார்கள். நடேசன் சிரிக்கவில்லை. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வரிசை, கோப்பு, மென்பொருள் என்று பேசினால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். ஜீப்பிலிருந்து பாட்டில்களை இறக்கினேன். ஆடி பாட்டில் இருபத்து நான்கு, தை பாட்டில் இருபத்து நான்கு. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை இழுத்துப்போட்டு ஆடி பாட்டில்களைக் கருவி வைத்த வரிசையில் முன்னால் வைத்தேன். தை பாட்டில்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்னால் வைத்தேன்.

“நடேசண்ணே, ஒங்க பத்தொம்போத முன்வரிசையில கண்டுபுடிங்க. அதுக்குப் பின்னாடி நிக்கிறது எந்த நம்பர்னு பாருங்க.”

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். பதினோராவது இடத்தில் நின்றார்.

“பதினொண்ணு நிக்குது.”

“பதினொண்ணுக்குப் பின்னாடி?”

இரண்டடி திரும்பி வந்தார். “தப்பு, இங்க இல்ல... இதோ. மூணு.”

“இப்பிடி அடுக்கிட்டுத்தான் ஒங்க கெணறு நல்லதாவுது, அவுங்க கெணறு கெட்டுப்போவுதுன்னு நான் எழுதுனேன். யாரும் ஏமாத்தல. யாரும் குடுக்கல. அடுக்குனது நான்.”

கூட்டம் பெஞ்சுப் பக்கம் நெருங்கியது. அவரவர் கிணற்றுப் பாட்டிலைத் தேடினார்கள். “டேய், ஏங் கெணத்துக்குப் பின்னாடி மாமா கெணறுடா,” என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல, அவருடைய மாமா, “அதான் ஒன் தண்ணி நல்லா இருக்குன்னு வந்திருக்கு,” என்றார். தலைவர் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

நடேசன் மட்டும் பெஞ்சை விட்டு நகரவில்லை.

“ஏந் தண்ணி மாட்டுக்குத்தான் ஆவும்னு எனக்கு முப்பது வருசமாத் தெரியும். எனக்குத் தெரிஞ்சத வுட்டுட்டு ஒன்னுத நம்புனேன். கம்ப்யூட்டர் சொல்லுதே, அடியில நல்லது இருக்கும்போலன்னு சவுக்க வெட்டிட்டேன்.”

“என் தப்புதாண்ணே.”

“தப்புன்னா? வெட்டுனது மொளைக்குமா?”

தீர்மானத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார், யாரையும் பார்க்காமல்.

வியாழக்கிழமை மணல்மேட்டில் ரிக் இறங்கியது. மாலைக்குள் தண்ணீர் வந்தது. முதலில் சேறு, பிறகு மணல், பிறகு தெளிவு. மீட்டரில் பார்த்துச் சொன்னேன், நல்ல தண்ணீர். அஞ்சலை அம்மா எல்லாருக்கும் சொம்பில் பிடித்துக் கொடுத்தார். நடேசனிடமும் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“இப்பக் குடிச்சா இப்ப எப்பிடி இருக்குன்னுதான தெரியும்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “மழ வுட்டதும் வா. அன்னிக்கிக் குடிச்சிப் பாத்துட்டு நீ சொன்னது நெசமா பொய்யான்னு நான் சொல்றேன்.”

“வர்றண்ணே.”

எனக்கு நீட்டிப்பு ஆறு மாதத்துக்கு மட்டும்தான் வந்தது. ஐப்பசியில் முடிந்தது. காரணம் என்று யாரும் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பண்ருட்டியில் ஒரு டியூஷன் சென்டரில் வேதியியல் எடுத்தேன். அடுத்த மாசியில்தான் கிளாரா மேடம் மறுபடி கூப்பிட்டார். ஆனால் நடேசனிடம் சொன்ன நாள் தையில் வந்தது. அப்போது நான் அந்தப் பரிசோதனைக்கூடத்து ஆளே இல்லை. ஜீப் கிடையாது, மீட்டர் கிடையாது. ஒரு பாட்டிலைக் கடையில் வாங்கி, மூடியை இறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, புவனகிரியில் பஸ் மாறிப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் மேட்டுக்கு நடந்தோம். வெட்டிய சவுக்குப் பக்கம் அப்படியே வெறுமனே கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் முன்னால் நடந்தார். குழாயடியில் பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருவர் தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டார். நான் பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பினேன். அவர் இரண்டு கைகளையும் குழாயின் கீழ் குவித்துக் குடித்தார். கையை உதறிவிட்டு மறுபடி குவித்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “நெசந்தான். எழுதிக்க,” என்றார்.